ஆயாவும் பேரனும் சேர்ந்து பார்க்க ஒரு படம்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலையைச் சரிபார்ப்பதும், படகுக்குப் பெயின்ட் அடிப்பதும், இன்ஜினைப் பிரித்து மாட்டுவதுமாகப் பகல் ஓடிவிடும். பொழுது சாய்ந்தால், வருஷத்தின் மற்ற மாதங்களில் அபூர்வமாகக் கிடைக்கிற ஒரு காட்சி ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை குப்பத்துக்குக் குப்பம் தெரியும்: அப்பா வீட்டில் இருப்பார். பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. அம்மா, ஆயா, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் ஒரே கூடத்தில். நடுவில் டிவி. "என்ன படம் போடலாம்?" என்ற கேள்வி அப்போது வரும்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல நாம் பழகவில்லை என்பதுதான் என் கவலை. கையில் ரிமோட் யாரிடம் இருக்கிறதோ அவர் போட்டது படம் என்று ஆகிவிட்டது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. தனித்தனி அறை உள்ள வீட்டில் அப்பா ஒரு படம், பிள்ளை ஒரு படம் என்று கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம். குடிசை மாற்று வாரியம் என்று நாம் இன்னும் சொல்கிற, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிற வாரியத்தின் அடுக்குமாடியானாலும் சரி, திருவொற்றியூர் லைன் வீடானாலும் சரி, சாப்பிடுவது, படிப்பது, படுப்பது எல்லாம் ஒரே இடத்தில்தான். அங்கே ஒருவர் போடுகிற படத்தை வீடே பார்த்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் காது கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் போட்ட படத்தின் வெட்டுச் சத்தம் போர்வைக்குள் கிடக்கிற ஆறு வயதுத் தங்கைக்கும் கேட்கிறது. குடும்பத்தோடு படம் பார்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வசதி நமக்குக் கிடையாது. எந்தப் படம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முதல் ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான் சாயங்காலத்தில் அவர் முகத்தைப் பார்ப்போம். இரண்டாம் ஷிப்ட் என்றால் நாங்கள் தூங்கிய பிறகு வருவார். நைட் ஷிப்ட் என்றால் பகலில் அவர் தூங்குவார், நாங்கள் சத்தம் வராமல் வாசலில் விளையாடுவோம். அதனால் அப்பாவுடன் சேர்ந்து பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடுவேன். எந்த இடத்தில், யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்றுகூடச் சொல்வேன். அதில் ஒன்று, திருவிழாவுக்குத் தெருவை அடைத்து வெள்ளைத் துணி கட்டிப் போட்ட 'கப்பலோட்டிய தமிழன்'.

பி.ஆர்.பந்துலு எடுத்து 1961-ல் வெளிவந்த படம். வந்தபோது வசூலில் தோற்ற படம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், லேத்தில் நின்றவர்கள், மீன் கூடை சுமந்தவர்கள். கப்பல் என்றால் அவர்களுக்கு அடுத்தவன் சொத்து, தாங்கள் சரக்கு இறக்கும் இடம். 1906-ல் தூத்துக்குடியில் ஒரு வக்கீல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சொந்தக் கப்பல் விட்ட கதை அவர்களை எப்படிப் பிடித்து உலுக்கியிருக்கும் என்று இப்போது புரிகிறது. சிவாஜி செக்கிழுத்தபோது தெருவில் பேச்சு மூச்சில்லை. தண்டனை முடிந்து வ.உ.சி. வெளியே வரும்போது சிறை வாசலில் கூட்டம் இல்லை. "ஏம்பா, யாருமே வரல?" என்று அப்பாவைக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று, தன் ஆலையில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில் வேலை போன ஒருவரைப் பற்றி. அவர் வீட்டு வாசலை அதன் பிறகு யார் மிதித்தார்கள், யார் மிதிக்கவில்லை என்பதைப் பற்றி. அப்பா தன் வேலையைப் பற்றி எங்களிடம் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

நல்ல குடும்பப் படம் எது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரம்தான் நினைவுக்கு வரும். விளக்கைப் போட்ட பிறகு வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்கிவைக்கிற படம் எதுவோ, அதுவே குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த படம். கடைசி ரீலில் நாயகன் கோப்பையைத் தூக்கினாலும் சரி, தூக்காவிட்டாலும் சரி. ஊக்கம் தரும் படம் என்று நாம் தேடிப் போடுகிற பலவற்றில் மூன்று பாட்டு, இரண்டு பிரசங்கம், ஒரு வெற்றி இருக்கிறது. முடிந்ததும் எல்லாரும் கை தட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். வீட்டில் ஒரு வார்த்தை புதிதாகப் பிறப்பதில்லை. அதை ஊக்கம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சினிமா நம் பக்கத்துக்குப் புதிய சரக்கு இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் திரைக்கு வந்தது ஜார்ஜ் டவுனில் இருந்த கினிமா சென்ட்ரலில். பம்பாயிலிருந்து வந்த படச்சுருளை வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் பூத் தூவித் தேங்காய் உடைத்து வரவேற்றார்கள் என்பது பழைய சினிமா வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பிறகு எத்தனை கொட்டகைகள்! தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-ல் திறந்து 2020-ல் மூடியபோது, அங்கே தரை டிக்கெட்டில் தொடங்கி பால்கனிக்கு உயர்ந்த ஒரு தலைமுறையே உறவினர் வீட்டைப் பூட்டியது போல உணர்ந்தது. நடுவில் டெக்கு வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் பார்த்த காலம் வந்தது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி ஓலைக் கூரைக்கு உள்ளேயும் போனது. இப்போது ஆளுக்கொரு செல்போன். இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் திரை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது, சேர்ந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

சரி, எதைப் போடுவது? சான்றிதழைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்பார்கள். ஒருமுறை அதை நம்பித்தான் என் தங்கை மகளை ஒரு படத்துக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. போஸ்டரில் 'யு' என்று இருந்தது. இடைவேளைக்கு முன்பே இரும்புக் கம்பியால் ஒருவனை அடித்தே கொல்லும் காட்சி வந்தது. குழந்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. பிறகு விசாரித்தபோது இதற்குப் பின்னால் இருக்கிற கணக்குத் தெரிந்தது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-ல் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்கு கொடுத்தது. 2011-ல் அதோடு 'யு' சான்றிதழும் கட்டாயம் என்று ஆனது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நடந்தது வேறு. வரி விலக்கு என்றால் தயாரிப்பாளருக்குக் கோடிக் கணக்கு. அதனால் பெரியவர்களுக்காக எழுதிய கதையை எடுத்து, அங்கங்கே சில விநாடிகளை வெட்டி, வசனத்தில் சத்தத்தை அடைத்து, 'யு' வாங்கிவிடும் பழக்கம் வந்தது. கதையின் மனசு அப்படியே இருக்கும், ரத்தத்தின் நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும். ஜி.எஸ்.டி. வரும்வரை அந்த நிலைமை நீடித்தது. இப்போது டிவியில் மறுபடி மறுபடி ஓடுகிற படங்களில் அந்தக் காலத்துப் படங்கள் நிறைய.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 1952-ஆம் ஆண்டின் சினிமா சட்டத்தை 2023-ல் திருத்தியபோது, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற 'யு/ஏ' பிரிவை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தார்கள். ஓ.டி.டி. தளங்களில் 2021 முதலே இந்த வயதுக் குறி இருக்கிறது. படம் தொடங்கும்போது திரையின் மூலையில் வந்து போகும் அந்த எண்ணைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த எண் எவ்வளவு ரத்தம், எவ்வளவு கெட்ட வார்த்தை என்று சொல்லுமே தவிர, இந்தப் படம் உன் வீட்டுக்கு எதைக் கொண்டுவரும் என்று சொல்லாது. அதை வீட்டில் ஒருவர் முன்கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கூடையில் போடுகிறோமா?

நான் வீடு வீடாகச் சிபாரிசு செய்கிற முதல் படம் 'காக்கா முட்டை'. மணிகண்டன் இயக்கி 2015-ல் வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும், நடித்த ரமேஷ், விக்னேஷ் இருவருக்கும் குழந்தை நட்சத்திர விருதும் வாங்கியது. கதை எல்லாருக்கும் தெரியும். அப்பா ஜெயிலில். அம்மா கூலி வேலை. தண்டவாளத்தில் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கிற இரண்டு பையன்கள். அவர்கள் விளையாடிய இடத்தில் மரத்தை வெட்டிவிட்டு ஒரு பீட்சா கடை வருகிறது. அதில் ஒரு துண்டு சாப்பிட வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

கரி என்றதும் ராயபுரத்துக்காரர்களுக்கு நெஞ்சில் ஒன்று தட்டும். நீதிமன்றம் தலையிட்டு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, காயப்போட்ட வேட்டியில் கறுப்புப் படிவதைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் கரி இப்போது எண்ணூருக்குப் போய்விட்டது, அங்கே உள்ள வேட்டிகளில் படிகிறது. ஆக, கரி பொறுக்கும் பிள்ளைகள் நமக்குக் கதைப் பாத்திரங்கள் மட்டும் இல்லை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் பீட்சா கடையில் அடி வாங்கும் காட்சியோ, அதன் பிறகு நடக்கும் அமளியோ இல்லை. பேரன்களின் ஆசையைத் தீர்க்க ஆயா விளம்பரத் தாளில் இருக்கிற படத்தைப் பார்த்துத் தோசைக்கல்லில் ஒரு 'பீட்சா' சுடுவாளே, அந்த இடம். பையன்களுக்கு அது பிடிக்காது. ஆயா அதன் பிறகு அதிக நாள் இருக்க மாட்டாள். கடைசியில் நிஜப் பீட்சாவைக் கடித்தபோதுதான் அந்தத் தோசையின் ருசி அவர்களுக்குத் தெரிகிறது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கத்து வீட்டுச் சிறுவன் தன் ஆயாவிடம், "நீ சின்ன வயசுல என்னா சாப்புடணும்னு ஆசப்பட்ட?" என்று கேட்டான். அந்த அம்மாள் எழுபது வயதில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்கிறார். பாய்லர் முன்னால் நின்ற தன் அப்பாவைப் பற்றி, சம்பள நாளில் அவர் வாங்கிவந்த பொட்டலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். மூன்று தலைமுறை அன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் ஒரு சினிமா என்ன செய்ய வேண்டும்?

அடுத்து, நம் வீட்டுக் கதை என்றே சொல்லத்தக்க 'சார்பட்டா பரம்பரை'. பா.ரஞ்சித் எடுத்து 2021 ஜூலையில் ஓ.டி.டி.யில் நேராக வந்தது. சார்பட்டா, இடியாப்பப் பரம்பரை என்ற பெயர்களெல்லாம் கற்பனை இல்லை. வடசென்னையில் குத்துச்சண்டை குருவழியாக, பரம்பரை பரம்பரையாக வந்த கலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலன், வாத்தியார் ரங்கனின் மானத்துக்காக மேடை ஏறுவதும், நெருக்கடி நிலைக் காலத்தின் அரசியலும் நம் தாத்தாக்களின் வாயில் கேட்ட கதைகள். ஆனால் குடும்பத்தோடு பார்க்கும்போது கவனிக்க வேண்டிய பகுதி, கபிலன் ஜெயிக்கிற பகுதி இல்லை. அவன் விழுகிற பகுதி. அவமானப்பட்டு, சாராயத்தில் இறங்கி, உடம்பு ஊதி, மனைவி மாரியம்மாளும் அம்மா பாக்கியமும் பார்க்கப் பார்க்கச் சிதைகிறானே, அது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அந்தக் காட்சிகள் ஓடும்போது வீட்டுத் தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார். தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, மீதியைப் பார்த்தார். மகளோ மனைவியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. குடியைப் பற்றி எந்தப் பிரசங்கமும் அந்த மனிதரை அப்படித் திரும்பி வந்து உட்கார வைத்திருக்காது. பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம் என்பேன். சண்டை கடுமையாக இருக்கிறது, நீளமும் மூன்று மணி நேரத்தைத் தொடுகிறது.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 'இறுதிச்சுற்று'. சுதா கொங்கரா இயக்கி 2016 ஜனவரியில் வந்தது. மீன் விற்கும் மதியாக வந்த ரித்திகா சிங் நிஜத்திலும் சண்டைக் கலை கற்றவர். அதனால் அந்தக் குத்து ஒவ்வொன்றும் உண்மையாக விழுகிறது. விளையாட்டுச் சங்கத்தில் அதிகாரம் வைத்திருப்பவர் பெண் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் அந்தப் படம் மறைக்கவில்லை. சில பெற்றோர் அதைக் காரணம் காட்டி டிவியை நிறுத்திவிடுகிறார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். பள்ளி மைதானத்துக்கும் பயிற்சி அரங்குக்கும் மகளை அனுப்புகிற அம்மா, அவளுக்குப் பதின்மூன்று, பதினாலு வயதாகும்போது பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும். "இப்படி யாராவது பேசினா முதல்ல எங்கிட்ட சொல்லு" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதற்கு நாக்கு எழாது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடலாம்.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமாவில் காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி என்ற பெயர் காதில் விழுந்தாலே அடுத்த காட்சியில் அரிவாள் வரும் என்று பார்ப்பவர்கள் எதிர்பார்க்கப் பழகிவிட்டார்கள். வெற்றிமாறனின் 'வடசென்னை' பெரிய படைப்பு. நிலத்துக்காகவும் கடற்கரைக்காகவும் எங்கள் ஜனங்கள் பட்ட பாட்டை அவ்வளவு ஆழமாகச் சொன்ன படம் குறைவு. அது பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்று பெற்று வந்த படமும்கூட. ஆனால் அதன் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பத்து வயதுப் பையன்களை நான் தெருவில் பார்க்கிறேன். நிலத்தைப் பற்றிய பேச்சு அவர்கள் மனதில் தங்கவில்லை, கத்தி தங்கியிருக்கிறது. வேலைக்கு நேர்காணல் போகிற பிள்ளை தன் முகவரியைச் சொல்லத் தயங்குவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. வெளியூர்க்காரர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைவிட, நம் பிள்ளை நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதே எனக்குப் பெரிது. அவன் பார்க்கிற பத்துப் படத்தில் இரண்டு படமாவது, அவனைப் போலப் பேசுகிற, அவன் தெருவைப் போன்ற தெருவில் வாழ்கிற ஒரு ஆள் கத்தியைத் தொடாமல் தலை நிமிர்ந்து நிற்கிற படமாக இருக்க வேண்டாமா?

தோற்றவர்களின் கதையும் ஊக்கம் தரும் என்பதற்கு எனக்குக் கிடைத்த சான்று பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988-ல் வந்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்தது. சம்பளக்காரப் பெண் ஒருத்தி தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், கான்ட்ராக்டர், லஞ்சம், செங்கல், சிமென்ட். கட்டிடம் பாதி எழுந்த நிலையில், அந்த இடம் குடிநீர் வாரியம் எடுத்துக்கொள்ள வேண்டிய நிலம் என்று தெரியவருகிறது. சாலைக்கும் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் இடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நகர்ந்து வந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் இந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள். பாதிக் கட்டிடத்தின் நடுவே சொக்கலிங்க பாகவதர் மெல்ல நடந்து பார்க்கும்போது, கூடத்தில் இருக்கிற பெரியவர்கள் தங்கள் பழைய வீட்டின் வாசல் எந்தத் திசையில் இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

'சூரரைப் போற்று' (2020) ஜெயிக்கிற கதைதான். ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. அதில் விமானம் பறப்பதைவிட, அப்பா சாகக் கிடக்கும்போது ஊர் போய்ச் சேரப் பணம் இல்லாமல் விமான நிலையத்தில் மகன் கை நீட்டுகிற காட்சி நம் வீடுகளில் அதிகம் பேசப்படும். ஆழ்கடலில் இருக்கும்போது கரையில் சாவு விழுந்து, முகம்கூடப் பார்க்கக் கிடைக்காதவர்கள் குப்பத்தில் உண்டு. 2025-ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைச் சின்னப் பிள்ளை முதல் ஆயா வரை தயக்கமில்லாமல் பார்க்கலாம். இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஒருவரோடு ஒருவர் பேசாத ஒரு தெருவைப் பேச வைக்கிறது.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 'தி ரெட் பலூன்'. 1956-ல் பிரான்சில் ஆல்பர் லமோரிஸ் எடுத்தது, 35 நிமிடத்துக்கு மேல் போகாது. பேச்சு மிகக் குறைவு, அதனால் மொழி தெரிய வேண்டியதில்லை. பாரிஸ் தெருவில் ஒரு சிறுவனுக்குச் சிவப்பு பலூன் ஒன்று கிடைக்கிறது, நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே வருகிறது. பொறாமைப்பட்ட பையன்கள் அதைக் கல்லால் அடித்து வீழ்த்துகிறார்கள். அதன் பிறகு ஊரில் உள்ள பலூன்களெல்லாம் எழுந்து அவனைத் தேடி வருகின்றன. திருவொற்றியூர்க்காரர்கள் இந்தப் படத்தைப் போடும்போது பிள்ளைகளிடம் ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம். பின்னாளில் டயர் நிறுவனமாக வளர்ந்த எம்.ஆர்.எஃப்., 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை இதே ஊரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதிலிருந்துதான் பிறந்தது. நம் ஊரிலிருந்தும் பலூன் பறந்திருக்கிறது.

இன்னும் சிறியது வேண்டுமென்றால் 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. டி.எம்.கிருஷ்ணா 2017-ல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, முகமூடி அணிந்து, நம் பேச்சுத் தமிழைக் கர்நாடக ராகத்தில் பாடியது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் பரவியபோது, வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டிய இளைஞர்களில் பலர் இப்போது தகப்பன்மார். அந்தப் பாட்டைப் பார்த்தபின் பிள்ளைகள், "நீ அப்ப எங்க இருந்த?" என்று அவர்களைக் கேட்பார்கள். கேட்கட்டும்.

படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது. செல்போனை எல்லாரும் ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும், பெரியவர்கள் உட்பட. ஒரு வாரம் அப்பா சொல்கிற படம், ஒரு வாரம் பிள்ளை சொல்கிற படம், ஒரு வாரம் ஆயா சொல்கிற படம் என்று முறை வைக்கலாம். ஆயா 'ஔவையார்' என்பார். பையன் முனகுவான். போடுங்கள். 1953-ல் கே.பி.சுந்தராம்பாளின் குரலுக்கு ஏன் ஊரே கூடியது என்று ஆயாவே அவனுக்குச் சொல்லட்டும். நடுவில் குழந்தை ஒரு கேள்வி கேட்டால் "சும்மா பாரு" என்று அதட்டக் கூடாது. நிறுத்திவிட்டுப் பதில் சொல்லலாம். வீட்டில் பார்ப்பதில் இருக்கிற ஒரே வசதி அதுதானே. படம் முடிந்ததும் "இதுல இருந்து என்னா தெரிஞ்சுக்கிட்ட?" என்று பரீட்சை வைக்காதீர்கள். உங்களுக்கு எந்த இடம் பிடித்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பிள்ளை தானாக வாய் திறக்கும்.

பள்ளிகள் இந்தப் பாதையில் ஒரு அடி வைத்திருக்கின்றன. 2022-ல் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சாப்ளினின் 'தி கிட்' (1921) மாதிரியான படங்களை நம் பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். படத்துக்கு முன் ஆசிரியர் அறிமுகம் செய்ய வேண்டும், முடிந்ததும் பிள்ளைகள் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாளில் பெற்றோரையும் வரச் சொன்னால் என்ன? நைட் ஷிப்ட் முடித்த அப்பா தூங்காமல் வருவாரா என்று கேட்காதீர்கள். பிள்ளை கூப்பிட்டால் வருவார்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூரில் இருக்கும் நூலகங்கள், கோயில் மண்டபங்கள், மாதா கோயில் கூடங்கள், மீனவர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், குத்துச்சண்டைப் பயிற்சி மன்றங்கள் ஆகியவை அந்த 61 நாளில் வாரம் ஒரு ராத்திரி தெருவில் துணி கட்டட்டும். புரொஜெக்டர் இப்போது வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. பொது இடத்தில் படம் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதால், அடுத்த வேண்டுகோள் படம் எடுத்தவர்களுக்கு. எங்கள் தெருக்களின் பேச்சை, எங்கள் குத்துச்சண்டையை, எங்கள் பசியை, எங்கள் கடலைக் கதையாக்கிப் பேரும் விருதும் பெற்றிருக்கிறீர்கள். அந்தப் படங்களை வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி, காசு வாங்காமல், எங்கள் தெருவில் போட அனுமதி கொடுங்கள். பாய் நாங்கள் விரித்துக்கொள்கிறோம்.